போதையைக் காட்டிக்கொடுத்த காந்தம்

1971 ஆம் ஆண்டு மே மாதத்தில், வியட்நாமிலிருந்த அமெரிக்கப் படைவீரர்களில் நூற்றுக்கு 10 முதல் 15 பேர் ஹெராயினுக்கு அடிமைகள் என்று அந்நாட்டுக் காங்கிரஸ் உறுப்பினர்கள் இருவர் அறிவித்தனர். அங்கே ஹெராயின் மலிவு, தூய்மையும் மிகுதி. ஊசிகூட வேண்டாம், சிகரெட்டில் கலந்து புகைத்தாலே போதும். இவர்கள் ஊர் திரும்பினால் என்ன ஆகுமோ என்று நாடே அஞ்சியது.

ஜூன் மாதம் குடியரசுத் தலைவர் நிக்சன் இப்பொறுப்பை ஜெரோம் ஜாஃபி என்ற மருத்துவரிடம் ஒப்படைத்தார். தண்டனைக்கு அஞ்சி மறைப்பவனுக்கு மருத்துவம் செய்ய இயலாதல்லவா? ஆகவே, சோதனையில் சிக்கியவர்மீது இராணுவ வழக்கு இல்லை என்றாயிற்று. ஆனால் சிகிச்சை பெற்றுத் தேறிய பின்னரே ஊருக்கு விமானம்.

நாள்தோறும் ஏராளமானோரின் சிறுநீரை விரைந்து சோதிப்பது எப்படி? இங்கே கைகொடுத்தது, 1944 இல் கசான் நகரில் சவோய்ஸ்கி கண்டறிந்த எலெக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு. இணையற்ற எலெக்ட்ரான் ஒரு சிறு காந்தம் போன்றது. காந்தப் புலத்தில் வைத்தால், குறிப்பிட்ட அதிர்வெண்ணுள்ள நுண்ணலையை அது உட்கவரும். அத்தகைய எலெக்ட்ரானுடைய அணுத்தொகுதி ஒன்றை மார்பின் மூலக்கூறில் ஒட்டி, அதனை எதிர்ப்பொருள் என்னும் பெரிய புரதத்துடன் பிணைத்து வைப்பர். பெரிய புரதத்தோடு கட்டுண்டது மெதுவாகவே புரளும். நிறமாலைக் கோடுகள் அகன்று மங்கியிருக்கும். ஹெராயின் உடலில் மார்பினாக மாறிச் சிறுநீரில் வெளிவரும். அந்த மார்பின் புரதத்தில் இடம் பிடிக்க, ஒட்டுப்போட்ட மூலக்கூறு விடுபட்டு வேகமாகப் புரளும். மூன்று கூரிய கோடுகள் தோன்றும்! இருமல் மருந்திலுள்ள கோடீனும் இதே விளைவைத் தரும் என்பதால், வேறு முறையிலும் சரிபார்க்க வேண்டியிருந்தது.

சோதனை வருமென்பது வீரர்களுக்கு முன்பே தெரியும். ஆகவே சிக்கியவர்கள் பெரும்பாலும் சில நாள்கூட நிறுத்த முடியாதவர்களே.

அச்சம் மெய்யாயிற்றா? 1971 செப்டம்பரில் திரும்பியவர்களுள் சிலரைத் தெரிந்தெடுத்து லீ ராபின்ஸ் அம்மையார் ஆராய்ந்தார். வியட்நாமில் அடிமையாயிருந்தவர்களில் முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் நூற்றுக்கு 5 பேர் மட்டுமே. மூன்றாண்டுகளில் 12 பேர். பலர் இதை நம்ப மறுத்தனர். சூழல் மாறியதும், ஹெராயின் எளிதில் கிட்டாததும் சோதனையைவிடப் பெரிய காரணங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1981 மே மாதம் 'நிமிட்ஸ்' கப்பலில் விமானம் மோதி 14 பேர் இறந்தனர். தளப் பணியாளர் சிலரின் உடலில் கஞ்சாவின் சுவடு காணப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில், சோதனை முடிவைத் தண்டனைக்கும் பயன்படுத்தலாம் என்று விதி மாறியது. 1986 இல் நடுவண் அரசின் சிவில் ஊழியர்களுக்கும் சோதனை வந்தது. அவர்களுக்கு ஆலோசனை உதவியும் அதே ஆணையில் இடம்பெற்றது.