மண்ணெண்ணெய் குடித்த எம்.டி. 90



போன விடுமுறையில் நாங்கள் மூன்று ஆசிரியர்கள் காசு சேர்த்து, வேலணையில் வேலியோரம் கிடந்த பழைய எம்.டி. 90 ஒன்றை வாங்கித் திருத்தினோம். படம் போட்டதும் "எவ்வளவு முடிஞ்சது, சாமான் எங்க எடுத்தனீங்கள்" என்று கேட்டவர்கள்தான் அதிகம். அதையும் சொல்கிறோம். ஆனால் எஞ்சினைத் திறந்தபோது கண்டதை முதலில் சொல்ல வேண்டும்.

பிஸ்ரனின் தலையில் கரி அடை அடையாகப் பிடித்திருந்தது. பெற்றோலில் மட்டும் ஓடிய வண்டியில் இவ்வளவு கரி இருக்காது. விற்ற ஐயாவிடம் கேட்டோம். சிரித்தார். "தம்பியவை, அது தொண்ணூறுகளில குடிச்ச மண்ணெண்ணெய். பிறகு நான் அதைத் திறக்கவேயில்லை."

எம்.டி. 90 என்பது ஜப்பான் தபால்காரர்களுக்காக ஹொண்டா செய்த வண்டி. 1958 இல் வந்த சூப்பர் கப் பரம்பரை. அந்தப் பரம்பரை 2017 இல் பத்துக் கோடியைத் தாண்டியது. கையால் பிடிக்கும் கிளச் இல்லை, காலால் கியரைத் தட்டினால் போதும். வீட்டுக்கு வீடு நின்று நின்று ஓடச் செய்த வண்டி எங்கள் மணல் ஒழுங்கைக்கும் நெடுந்தீவின் கல்லுப் பாதைக்கும் அப்படியே பொருந்திவிட்டது. 'டேர்ட் பைக்' வேண்டும் என்று இப்போது பொடியன்கள் கேட்கிறார்கள். அவர்களுடைய அப்பாமார் அந்த ஓட்டத்தையெல்லாம் இதிலேயே ஓடி முடித்துவிட்டார்கள்!

1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கியது. குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது, மின்சாரம் போனது, பற்றரியும் தடை. பெற்றோல் சொட்டுக் கணக்கில் விலைப்பட்டது. மண்ணெண்ணெய் விலை ஏறினாலும் தேடினால் கிடைத்தது. ஆனால் மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, ஆறிய எஞ்சினில் எவ்வளவு உதைத்தாலும் பிடிக்காது. அதனால் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்து, காபரேட்டருக்குள் சில சொட்டு விட்டு உதைப்பார்கள். எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய் தானாக எரியும். வழியில் நின்று ஆறிவிட்டால் மறுபடி போத்தல்தான். எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், பிளக் கறுக்கும், பின்னால் வருபவர் புகையில் இருமுவார். இருந்தாலும் வண்டி ஓடியது. வைத்தியருக்கும் வாத்தியாருக்கும் பிணத்துக்கும் அதுதான் வாகனம்.

இந்தக் கதை எங்கள் சனத்திடம் இல்லை. ஏன் இல்லை என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரிக்குப் பக்கத்து ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்தில் போகச் சொன்னார்கள். இரும்புக்கடை, லொறி, தையல் மெசின், நகை எல்லாம் நின்ற இடத்தில் நின்றன. சோனகத் தெருவில் வைத்துவிட்டு வந்த மோட்டார் சைக்கிள்களைப் பற்றிப் புத்தளம் முகாம்களில் பெரியவர்கள் இலக்கத் தகட்டு எண்ணோடு சொல்லிக்கொண்டிருப்பார்கள். பழைய இரும்பை உடைத்து, தெரிந்து, விற்று வாழ்ந்த சனம் போன அதே வருடத்தில்தான் யாழ்ப்பாணத்துக்கு ஒவ்வொரு பழைய நட்டும் பொன்னாகியது. இதை ஐயாவிடம் சொன்னபோது, "ஓம், பிறகு சாமானுக்கு நாயாய் அலைஞ்சம்" என்றார். அதற்கு மேல் இரண்டு பக்கமும் அன்று பேசவில்லை.

சரி, திருத்திய கதை. இறுகிக் கிடந்த எஞ்சினுக்குள் பிளக் ஓட்டை வழியாக மண்ணெண்ணெய் ஊற்றி மூன்று நாள் விட்டோம். அதே மண்ணெண்ணெய்! நாலாம் நாள் கிக்கர் மெல்ல அசைந்தது. ராங்கியின் துருவுக்கு வினாகிரி ஊற்றி, ஒரு பிடி சிறு நட்டுப் போட்டுக் குலுக்கி, அப்பச்சோடாத் தண்ணியால் அலசி வெயிலில் வைத்தோம். அடைத்த ஜெற்றுக்குப் பிரேக் வயரின் ஓர் இழை போதும், ஊசியால் குத்த வேண்டாம், ஓட்டை பெருத்துவிடும். எங்கள் வண்டி பொயின்ற் வைத்த பழைய வகை. மண்கடுதாசியால் தேய்த்து 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் இடைவெளி வைத்தோம். காசு கொடுத்து வாங்கியவை இரண்டு ரயர், ஒரு செயின், பிளக், காஸ்கெற், சீற் துணி மட்டும்தான். உப்புக்காற்றுத் தின்ற கம்பிகளைத் தேடித் தேடி மாற்றியதுதான் பெரிய வேலை. குறிகட்டுவானில் படகில் ஏற்றி இறக்குபவர்கள் அன்றைக்கே நல்ல தண்ணியால் கழுவுங்கள். அதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

ஓடத் தொடங்கியதும் ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். தீவகத்தைப் படையினர் பிடித்த நேரம் அவர் குடும்பத்தோடு யாழ்ப்பாணப் பக்கம் போனவர். 1995 இல் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்த இரவு, இதே வண்டியில் தாயை இருத்தி, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக உருட்டிக்கொண்டு போனாராம். என்ன தேதி என்று கேட்டோம். ஒக்டோபர் 30. எங்களில் ஒருவர் மெல்ல, "எங்களுக்கும் அதே தேதிதான் ஐயா, அஞ்சு வருசம் முந்தி" என்றார். ஐயா கொஞ்ச நேரம் ராங்கியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்த் தேடி, அந்த மருந்துப் போத்தலை எடுத்து வந்து தந்தார்.

போத்தல் இப்போது எங்கள் வகுப்பறை அலுமாரியில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி வண்டியோ சாமானோ கிடந்தால், இரும்புக்குப் போட முதல் எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கள்.