நாளைய உலகத்தின் நிழற்படங்கள்

1939 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் உலகக் கண்காட்சி தொடங்கியது. 'நாளைய உலகம்' என்பது அதன் கருப்பொருள். சாம்பலும் குப்பையும் கொட்டப்பட்டுவந்த ஃப்ளஷிங் மெடோஸ் சதுப்பு நிலத்தைச் சீர்திருத்தியே கண்காட்சிக்கு இடம் உண்டாக்கினர். அக்காலத்து நிழற்படங்களில் முதலில் கண்ணிற்படுவன இரண்டு வெண்ணிற வடிவங்கள்: ஏறத்தாழ 600 அடி உயர்ந்த டிரைலான் என்னும் ஊசிக்கோபுரம், அதனருகே பெரிஸ்ஃபியர் என்னும் மாபெரும் கோளம்.

மக்கள் நீண்ட வரிசையில் காத்திருந்து கண்டது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 'ஃபியூச்சராமா'. நார்மன் பெல் கெடஸ் வடிவமைத்த அம்மாதிரியுலகில், பார்வையாளர்கள் நகரும் இருக்கைகளில் அமர்ந்து 1960ஆம் ஆண்டின் அமெரிக்காவை விமானத்திலிருந்து காண்பதுபோல் கண்டனர். பல தடங்கள் கொண்ட விரைவுச் சாலைகள் மலைகளையும் நகரங்களையும் ஊடறுத்துச் சென்றன. வெளியேறும்போது, 'நான் எதிர்காலத்தைக் கண்டுவிட்டேன்' எனப் பொறித்த சட்டைவில்லை ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. பத்தாண்டுப் பொருளாதார வீழ்ச்சியில் துவண்டிருந்தோருக்கு அது நம்பிக்கை. கார் விற்கும் நிறுவனத்திற்கோ, அரசுப் பணத்தில் அமைய வேண்டிய சாலைகளுக்கான விளம்பரம்.

அதே வளாகத்தின் பிறநாட்டு அரங்குகள் வேறொரு வரலாற்றைச் சொல்கின்றன. கண்காட்சி தொடங்குவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே செக் நிலப்பகுதிகளை ஜெர்மனி கைப்பற்றிவிட்டது. ஆயினும் செக்கோஸ்லோவாகியா அரங்கு திறக்கப்பட்டது. செப்டம்பர் 1 அன்று போலந்து தாக்கப்பட்டது. 1940ஆம் ஆண்டுப் பருவத்தில் சோவியத் அரங்கு இல்லை. கருப்பொருளும் 'அமைதிக்காகவும் விடுதலைக்காகவும்' என மாறியிருந்தது. அவ்வாண்டு ஜூலை 4 அன்று பிரிட்டிஷ் அரங்கில் கண்டெடுக்கப்பட்ட வெடிகுண்டு, வெளியே கொண்டுசென்று ஆராயப்பட்டபோது வெடித்து இரண்டு காவலர்கள் மாண்டனர். கண்காட்சி முடிந்தபின் டிரைலானும் பெரிஸ்ஃபியரும் இடிக்கப்பட்டு, அவற்றின் எஃகு போர்த்தளவாடங்களுக்குச் சென்றது.

இருபது ஆண்டுகளுக்குப் பின் வரவிருந்த சாலைகளை ஃபியூச்சராமா பெருமளவு சரியாகவே காட்டியது. 1956இல் அமெரிக்க அரசு மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்குச் சட்டமே இயற்றியது. ஆனால் அடுத்த ஆறாண்டுகளில் நிகழவிருந்த பேரழிவு அந்த மாதிரியுலகில் எங்கும் இடம்பெறவில்லை. விற்பதற்கு உகந்த எதிர்காலமே அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டது.

போலந்து அரங்கின் முன் நின்ற மன்னர் யாகியெல்லோவின் குதிரைச் சிலை தாயகம் திரும்பவில்லை. 1410இல் ஜெர்மானிய வீரத்துறவியர் படையை வென்ற அம்மன்னர், இரு வாள்களை உயர்த்திப் பிடித்தவாறு நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் இன்றும் நிற்கிறார்.