புற்றரையிலிருந்து மணற்றரைக்கு: வரிப்பந்தாட்டத்தின் சமூக வரலாறு குறித்து

புத்தளத்துக்கு வடக்கே கடல்நீரேரியை அடுத்துள்ள கரைத்தீவு போன்றதோர் ஊரை மனத்திற்கொண்டு டெனிஸ் எனப்படும் வரிப்பந்தாட்டத்தைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். வரண்ட வலயக் கரையோரத்திற் புற்றரையேது, மட்டை வாங்கப் பணமேது என அவர்கள் வினவக்கூடும். அவ்வினாவிலேயே இவ்விளையாட்டின் வரலாறு பெரிதும் அடங்கியுள்ளது. உடலுக்கு நலந்தரும் ஓர் ஆட்டம் யாருக்குக் கிட்டியது, யாருக்குக் கிட்டவில்லை என்பதே இக்கட்டுரையின் கருப்பொருளாகும்.

இங்கிலாந்தில் வோல்ட்டர் விங்ஃபீல்ட் என்பார் 1874 ஆம் ஆண்டு புற்றரை டெனிசுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்னரே இரு கண்டுபிடிப்புகள் அதற்கு வழிசமைத்திருந்தன. 1830 இல் எட்வின் பட்டிங் உருவாக்கிய புல்வெட்டும் பொறி தரையைச் சமன்செய்தது; குட்இயர் 1844 இற் காப்புரிமை பெற்ற றப்பர்ப் பதனிடுமுறை, புல்லில் எழும்பும் பந்தைத் தந்தது. ஆலைகள் ஈன்ற அவ்வாட்டத்தை ஆலைத் தொழிலாளர் ஆடவில்லை. தோட்டமுடைய சீமான்களே ஆடினர். எனினும் ஒரு புதுமையை மறுத்தற்கில்லை. ஆடவரும் பெண்டிரும் ஒரே களத்தில் ஆடினர். 1877 இல் தொடங்கிய விம்பிள்டன் போட்டியில் 1884 முதற் பெண்களுக்கும் இடங்கிடைத்தது.

இலங்கைக்கு இவ்வாட்டம் ஆட்சியாளரோடு வந்தது. 1904 முதல் 1911 வரை இங்கு குடியியற் சேவையிலிருந்த லெனாட் வுல்ஃப், யாழ்ப்பாணத்தில் வெள்ளையர் மாலைவேளைகளிற் கூடி டெனிஸ் ஆடிப் பின்னர் விஸ்கியருந்தி அளவளாவிய வழக்கத்தைத் தம் நினைவுநூலில் விவரித்துள்ளார். அவரே 1906 இல், வில்பத்துக் காட்டுக்கு வடக்கேயுள்ள மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு மேற்பார்வைக்குச் சென்றவர். அங்கே கடலில் மூழ்கி மூச்சடக்கியவர்களுக்கு மாலைநேர உடற்பயிற்சி பற்றி எவரும் உபதேசித்திருக்கமாட்டார்!

தமிழர் இக்களத்திற் புகுந்த வரலாறு சென்னை வழிப்பட்டது. 1937 இல் நாகர்கோவிலிற் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன், 1954 இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்று, 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் அங்கு அரையிறுதிவரை சென்றார். அவருக்குப் பின்வந்த விஜய் அமிர்தராஜ் சிறுபிராயத்தில் நுரையீரல் நோயால் மருத்துவமனையிற் பலநாட் கிடந்தவர். உடல்நலங் கருதியே ஆட்டத்தில் ஈடுபடுத்தப்பட்டவர். அந்நோயாளிச் சிறுவன் 1973 இல் விம்பிள்டன் காலிறுதியை எட்டினான். அடுத்த ஆண்டு டேவிஸ் கிண்ண இறுதிக்கு இந்திய அணி தகுதிபெற்றது. நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாபிரிக்காவுடன் ஆட இந்தியா மறுக்கவே, கிண்ணம் ஆடாமலே தென்னாபிரிக்காவுக்குச் சென்றது. சீமான்களின் தோட்டத்திற் பிறந்த ஆட்டமொன்று மனித சமத்துவத்தின் பொருட்டுக் கைவிடப்பட்டதை, கிருஷ்ணனின் வெற்றிகளினும் பெரிதாகவே நான் மதிக்கின்றேன்.

மருத்துவ ஆய்வுகள் இவ்வாட்டத்தைப் பெரிதும் போற்றுகின்றன. கோப்பன்ஹேகன் நகரில் ஏறத்தாழ 8,500 பேரை 25 ஆண்டுகள்வரை கவனித்து 2018 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, உடலுழைப்பற்றோரைவிட டெனிஸ் ஆடுவோர் 9.7 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததாகக் கணித்தது. மென்னோட்டக்காரருக்கு அது 3.2 ஆண்டுகளே. கூடி ஆடுவதால் விளையும் நட்புறவு இதற்கொரு காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர். ஆயின் டெனிஸ் ஆட வசதியுள்ளோர் நல்லுணவும் மருத்துவமும் பெற வசதியுள்ளோருமாவர். ஆயுளை நீட்டியது மட்டையா, மடியிலுள்ள பணமா? அவதானிப்பு ஆய்வொன்றால் இதனை அறுதியிட்டுக் கூறவியலாது.

கரைத்தீவுக்குத் திரும்புவோம். 1895 இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மோர்கன் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், வயது முதிர்ந்தோருக்கு மென்மையானதோர் ஆட்டம் வேண்டி, டெனிஸ் வலையை ஆறரையடி உயரத்திற் கட்டினார். அதுவே கரப்பந்தாட்டம். அது 1916 இற் கொழும்பு வை.எம்.சி.ஏ. வழியாக இலங்கைக்கு வந்தது. 1991 இல் நாட்டின் தேசிய விளையாட்டாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. மட்டை வேண்டா, புல் வேண்டா. இரு கம்பங்களும் ஒரு வலையும் ஒரு பந்தும் இருப்பின் பன்னிருவர் மணலில் ஆடலாம். கோப்பன்ஹேகன் ஆய்வு ஆராய்ந்த எட்டு உடற்பயிற்சிகளுள் இவ்வாட்டம் இடம்பெறவில்லை.