சன்ஆவின் சாம்பல்

பிக்ஹு நூல்களில் தஹாரத் பாடம் ஓதியோர் 'இஸ்திஹாலா' என்ற சொல்லை அறிவர். ஒரு பொருள் தன் இயல்பிழந்து வேறொன்றாகிவிடுவதே அது. எரிந்து சாம்பலான நஜீஸ் சுத்தமா? ஹனஃபி மத்ஹபின் ஃபத்வா 'ஆம்' என்கிறது. ஷாஃபிஈகள் 'இல்லை' என்பர். நம் மாணவர்களுக்கு இது ஏட்டு வழக்காகவே தோன்றும். யமன் தலைநகர் சன்ஆவிலோ அது ஒருகாலத்தில் அன்றாட நடைமுறையாயிருந்தது.

கடல்மட்டத்திற்கு 2,200 மீட்டருக்கும் மேல், வறண்ட காற்றில் நிற்கும் நகரம் அது. அதன் அடுக்கு மாளிகைகளில் கழிப்பறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தன. சிறுநீர் தனி வாய்க்கால் வழியே வெளிச்சுவரில் வழிந்து உலர்ந்துவிடும். மலமோ நெடிய புழையின் வழியே தரைமட்ட அறையில் விழுந்து காயும். அதை அள்ளிச் சென்று மேலும் உலர்த்தி, ஹம்மாம்களின் அடுப்பில் எரித்தனர். எஞ்சிய சாம்பல் தோட்டங்களுக்கு உரமாயிற்று. அத்தோட்டங்களுட் பல பள்ளிவாசல்களின் வக்ஃப். உளூச் செய்த நீரே அவற்றுக்குப் பாசனம். நீரற்ற ஊரில் இதனினும் சிக்கனமான ஏற்பாட்டை நாம் கண்டதில்லை.

1795 முதல் சன்ஆவின் தலைமைக் காழியாயிருந்த இமாம் ஷவ்கானீ (ஹி. 1173–1250), இஸ்திஹாலா தூய்மையாக்கும் என்றே எழுதினார், எந்தத் தன்மையின் மேல் சட்டம் விதிக்கப்பட்டதோ அத்தன்மை அங்கு இல்லை என்பது அவர் வாதம். ஆனால் அள்ளியவர் யார்? அவ்வேலை யூதர்மீது சுமத்தப்பட்டிருந்தது. அதை நியாயப்படுத்தித் தனி நூலும் செய்தவர் அதே ஷவ்கானீதான். அக்காலத்திலேயே அதற்கு மறுப்பும் எழுந்தது. திம்மிகளின் உரிமைகளைப் பெருமையுடன் பேசும் நாம் இதை மறைத்துவிட்டுப் போவது அறிவு நேர்மையாகாது. 1949–50இல் யமன் யூதர்களில் மிகப் பெரும்பாலோர் நாட்டை விட்டு வெளியேறினர்.

1970இல் உள்நாட்டுப் போர் ஓய்ந்தபின் நகரம் வீங்கியது. 2004 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 17 இலட்சத்தைத் தாண்டிற்று. குழாய் நீர் வந்தது. உலர்ந்த மலம் ஈரமாயிற்று. வீட்டுக்கு வீடு தோண்டிய உறிஞ்சு குழிகள் நிலத்தடி நீரைக் கெடுத்தன. 2000இல் பனூ ஹாரிஸ் பகுதியில், நாளொன்றுக்கு 50,000 கன மீட்டர் கொள்ளளவுடன் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது.

இங்கே பழைய வினா வேறு வடிவில் எழுகிறது. நிலையத்தில் படியும் கசடு வீட்டு மலம் மட்டுமன்று. பட்டறைக் கழிவும் மருத்துவமனைக் கழிவும் அதில் கலக்கின்றன. நெருப்பு கிருமியைக் கொல்லும். ஈயத்தையும் காட்மியத்தையும் அழிக்காது. ஆக, அது தாஹிரா என்பதோடு ளரர் உண்டா என்பதும் கேட்கப்பட வேண்டும். 1978இல் சவூதி மூத்த உலமாக்கள் பேரவை கழிவுநீர் குறித்து இதே பாகுபாட்டைச் செய்தது: முற்றாகச் சுத்திகரித்த நீர் தாஹிர், அதைப் பருகாமல் தவிர்ப்பது நஜீஸ் என்பதற்காக அன்று, உடலுக்குத் தீங்கு அஞ்சியே. கசடுக்கும் இவ்வளவுகோலே பொருந்தும் என்பது நம் கருத்து.

2015இல் மூண்ட போரில் மின்சாரமும் எரிபொருளும் அற்றுப்போயின. 2017 ஏப்ரல் 17இல் சன்ஆவின் கழிவுநீர் நிலையம் நின்றது. பத்தே நாளில் காலராவின் இரண்டாம் அலை தொடங்கிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் யமனில் காலரா எனச் சந்தேகிக்கப்பட்டோர் பத்து இலட்சத்தைக் கடந்தனர்.