எண்பது வயதுக் கோடு

சின்னக்கானல் தேயிலை மலைகளில் தமிழர் பக்கவாதம் என்பதை மலையாளிகள் பக்ஷாகாதம் என்பர். இரு சொற்களும் உடலின் ஒருபுறம் வீழ்ந்ததையே சுட்டுகின்றன. மூளையில் நேர்ந்தது அடைப்பா கசிவா என்பதை இரண்டுமே சொல்வதில்லை. அடைப்பைக் கரைக்கும் மருந்தோ கசிவில் உயிரைப் பறித்துவிடும். அம்மருந்தின் வரலாற்றை வழிநடத்திய இந்த அச்சத்தின் சுமையை நெடுங்காலம் தாங்கியவர்கள் முதியோர்.

1933இல் டில்லெட்டும் கார்னரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளுக்கு இரத்த உறைவைக் கரைக்கும் ஆற்றல் உண்டெனக் கண்டனர். அவ்வழியில் வந்த ஸ்ட்ரெப்டோகைனேஸ் மாரடைப்பில் வென்றது, மூளையில் தோற்றது. 1990களில் அதைப் பக்கவாதத்துக்குச் சோதித்த ஆய்வுகள் கசிவும் மரணமும் மிகுந்ததால் இடையில் நிறுத்தப்பட்டன. 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு, மூன்று மணி நேரத்துக்குள் அல்டெப்ளேஸ் செலுத்தினால் பயனுண்டு என நிறுவியது. ஆயினும் மருந்து பெற்றோரில் 6.4 விழுக்காட்டினருக்கு நோய்க்குறியுடன் மூளைக்கசிவு நேர்ந்தது, பெறாதோரிடம் 0.6.

முதுமையில் மூளைக் குழாய்ச் சுவர்களில் அமிலாய்டு புரதம் படிந்து அவை நொய்ந்துபோவதுண்டு. ஆகவே எண்பதைக் கடந்தோரை ஐரோப்பிய உரிமம் விலக்கியது. ஆய்வுகளும் அவர்களைப் பெரிதும் தவிர்த்தன. தவிர்த்ததால் சான்றில்லை, சான்றில்லாததால் மருந்தில்லை. அறிவியலின் பெயரால் நடந்த விந்தையான தருக்கம் இது.

அதை அசைத்தவர்களுள் ஒருவர், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் நரம்பியலாளர் பி. என். ஷைலஜா. கனடா நாட்டவருடன் இணைந்து அவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் 1,135 நோயாளருள் 270 பேர் எண்பதோ அதற்கு மேலோ வயதினர். அவர்களிடம் கசிவு 4.4 விழுக்காடு; இளையோரிடம் 4.6. முதியோரில் இறந்தோர் மிகுதிதான். ஆனால் அதற்குக் கசிவைக் காரணமாக்க இயலவில்லை. 2012இல் வெளியான மூன்றாம் பன்னாட்டுப் பக்கவாத ஆய்வின் 3,035 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் எண்பதைக் கடந்தவர்கள். முதல் வாரத்தில் மருந்து பெற்றோரே கூடுதலாக இறந்தனர். ஆறு மாத முடிவில் இருசாராரிலும் இறப்பு 27 விழுக்காடு. முதியோர் பெற்ற பயன் இளையோரினும் குறையவில்லை.

வயதுக் கோடு அழிந்தபின் எஞ்சியது நான்கரை மணி நேர எல்லை. சின்னக்கானலிலிருந்து போடிமெட்டு வளைவுகளில் தேனிக்கு இறங்கினாலும், மூணாறு வழியே மேற்கே சென்றாலும் அந்நேரத்தில் ஒரு பகுதி சாலையிலேயே கரையும். இரவில் யானை மறித்தால் கேட்கவே வேண்டாம். சி.டி. ஸ்கேன் எடுத்துக் கசிவில்லை என உறுதி செய்யாமல் மருந்தைத் தொடவும் முடியாது. முதியவரை அழைத்து வருவோரிடம் மருத்துவர் முதலில் கேட்பவை இரண்டு: கடைசியாக எப்போது நலமாக இருந்தார்? இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்கிறாரா?