சீட்டுக்குள் சீட்டு: பல்லடுக்கு லேபிளின் வரலாறு

பண்டத்தின் மேல் ஒட்டப்படும் லேபிள் தொடக்கத்தில் விற்பவரின் பெயரை அறிவிக்கவே பயன்பட்டது. வாங்குபவரைக் காக்கும் கடமையைச் சட்டம் அதன்மேல் பின்னர்தான் சுமத்தியது. இவ்விரண்டுக்கும் ஒரே சிறு பரப்பில் இடம் தேட நேர்ந்த நெருக்கடியிலிருந்து, பிரித்துப் படித்தபின் மீண்டும் மூடத்தக்க பல்லடுக்கு லேபிள் பிறந்தது. பொதிக்கழிவைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றாக அது இன்று பேசப்பட்டாலும், அதனை உருவாக்கியோரை வருத்திய சிக்கல் கழிவு அன்று, சொற்களின் மிகுதியே.

1796ஆம் ஆண்டளவில் மூனிக் நகரில் அலோய்ஸ் செனெஃபெல்டர் கண்டறிந்த கல்லச்சு, அதாவது சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புள்ள மையால் எழுதி, எழுதாத இடங்களை நீரால் நனைத்து, எழுத்தின்மேல் மட்டும் அச்சுமை பற்றுமாறு செய்யும் முறை, 1837இல் கோதெஃப்ருவா எங்கெல்மான் பெற்ற வண்ணக் கல்லச்சுக் காப்புரிமைக்குப் பின் லேபிளை மலிவான, பகட்டான விளம்பரப் பொருளாக்கிற்று. 1876 ஜனவரி 1 அன்று பிரிட்டனில் பதிவுபெற்ற முதல் வணிகச் சின்னமே பாஸ் நிறுவனத்தின் பீர்ப் புட்டியில் ஒட்டப்பட்டிருந்த சிவப்பு முக்கோண லேபிள்தான்.

எச்சரிக்கும் வேலை வேறொரு பாதையில் வந்தது. 1868இல் பிரிட்டனின் மருந்தகச் சட்டம், நஞ்சுப் பொருளின் பெயரும், அது நஞ்சு என்னும் அறிவிப்பும், விற்பவரின் பெயரும் முகவரியும் பொதியின்மேல் இருக்கவேண்டும் என்று விதித்தது. 1906இல் அமெரிக்காவின் தூய உணவு, மருந்துச் சட்டம், மருந்தில் மதுசாரம், அபின், கொக்கேயின் போன்றவை இருந்தால் அதனை லேபிளில் ஒளிக்காமல் அறிவிக்க வைத்தது. இவற்றுக்கு ஒரே ஏடு போதுமானதாக இருந்தது.

இந்தியாவில் இக்கடமை பெருகியதன் பின்னணியில் ஒரு பெருந்துயரம் உண்டு. 1958இல், கப்பலில் உடன் ஏற்றிவரப்பட்ட பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கசிந்து கலந்த கோதுமை மாவை உண்டு, கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலுமாக 100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அக்கசிவை எந்த லேபிளும் தடுத்திருக்க முடியாதுதான்; எனினும் பூச்சிக்கொல்லிகள் எவ்விதக் கட்டுப்பாடுமின்றிக் கைமாறிவந்ததை அந்நிகழ்வு வெளிக்காட்டிற்று. அதன் தொடர்ச்சியாக 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971இல் அதற்கான விதிகளும் வந்தன. நச்சுத்தன்மையின் அளவைச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நான்கு நிறங்களால் காட்டும் முக்கோணம் லேபிளில் இருக்கவேண்டும். பயன்படுத்தும் முறை, நஞ்சேறியதன் அறிகுறிகள், முதலுதவி, முறிமருந்து, காலிக்கலத்தை அழிக்கும் முறை ஆகியவற்றைக் கூறும் துண்டறிக்கையும் பொதியுடன் வரவேண்டும். இவை இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளோடு, பொருள் விற்கப்படும் வட்டாரத்தின் ஓரிரு மொழிகளிலும் அச்சிடப்படவேண்டும் என அவ்விதிகள் வகுத்தன. உழவர் படித்தறிய வேண்டிய செய்தி முழுவதும் ஒரு சிறு புட்டியின் சுற்றளவுக்குள் அடங்காது என்பதையே துண்டறிக்கை என்னும் ஏற்பாடு ஒப்புக்கொள்கிறது.

மேலைநாடுகளில் மருந்துத் துறையும் இதே நிலையை எய்தியது. 1970இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கருத்தடை மாத்திரைகளோடு நோயாளிக்கான விளக்கத்தாள் தரப்படவேண்டும் என்றது. 1992இல் ஐரோப்பியச் சமூகத்தின் நெறிமுறை அதனை எல்லா மருந்துகளுக்கும் கட்டாயமாக்கியது. ஆயினும் உதிரியான தாள் தொலைந்துபோகும். தொலையாமலிருக்க அதனைப் புட்டியோடு சேர்த்து அட்டைப்பெட்டிக்குள் இடவேண்டும். உடையாத பிளாஸ்டிக் புட்டிக்கும் பெட்டி தேவைப்பட்டதென்றால், அப்பெட்டி காத்தது பண்டத்தையன்று, தாளையே. 1992ஆம் ஆண்டு நெறிமுறையிலேயே, வேண்டிய செய்தி யாவும் கலத்தின்மீதோ வெளிப்பொதியின்மீதோ இருந்தால் தனித்தாள் வேண்டியதில்லை என்றொரு விலக்கும் இருந்தது.

அவ்வழியில் செல்வதற்கான தொழில்நுட்பம் முன்பே முளைத்திருந்தது. 1935இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஸ்டான்டன் ஏவரி, பழைய சலவை இயந்திரத்தின் மோட்டாரையும் தையல் இயந்திரத்தின் உறுப்புகளையும் இணைத்து, தானே ஒட்டும் லேபிள்களை வெட்டித்தரும் கருவியொன்றை உருவாக்கினார். நீரோ கஞ்சியோ தடவாமல், அடித்தாளிலிருந்து உரித்தெடுத்து அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும் லேபிள் வணிகப் பொருளானது இதன் வழியாகத்தான். 1980களில் இங்கிலாந்தில் டேவிட் இன்ஸ்டன்ஸ் பெற்ற காப்புரிமைகளும், சஃபோக் மாவட்டத்துப் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரின் டென்னி பிரதர்ஸ் அச்சகத்தார் ‘ஃபிக்ஸ்-எ-ஃபார்ம்’ என்ற பெயரில் விற்ற லேபிளும் இதனை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசென்றன. அடியில் ஒட்டும் ஏடு, அதன்மேல் பலமுறை மடித்த துண்டறிக்கை, அதனை மூடும் மெல்லிய ஒளிபுகு பிளாஸ்டிக் படலம் என்பது இதன் அமைப்பு. படலத்தின் ஓர் ஓரம் கீல்போல் நிலையாகப் பற்றியிருக்க, மறு ஓரத்தை உரித்துப் படித்தபின் மீண்டும் ஒட்டிவிடலாம்.

சூழல் நோக்கில் இதன் ஆதாயம் இரண்டு. துண்டறிக்கைக்காகவே இருந்த அட்டைப்பெட்டி நீங்குகிறது என்பது ஒன்று. ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே அச்சிட்டு, ஒரு நாட்டில் விற்காமல் தேங்கியதை இன்னொரு நாட்டுக்கு அனுப்ப முடியாமல் அழிக்கும் நிலை குறைகிறது என்பது மற்றொன்று; 24 ஆட்சிமொழிகள் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்தில் இது சிறிய செய்தியன்று. ஆனால் பெட்டியே இல்லாதிருந்த பண்டத்தின்மேல் விளம்பரத்துக்காகப் பல்லடுக்கு லேபிளை ஒட்டுவதைப் பசுமைச் செயல் எனச் சொல்வதற்கு அடிப்படையில்லை. அங்கே தாளும் பசையும் கூடுகின்றனவே தவிர, எதுவும் குறைவதில்லை.

மறுசுழற்சி ஆலையில் இக்கணக்கு இன்னும் கறாராகிறது. தண்ணீர்ப் புட்டிகள் செய்யப்படும் ‘பெட்’ பிளாஸ்டிக் நீரைவிட அடர்த்தி மிகுந்ததால் மூழ்கும். பாலிபுரோப்பிலீன் லேபிள் மிதக்கும். ஆகவே சூடான காரநீரில் கழுவும்போது பசை விட்டுக்கொடுத்தால் இரண்டும் தாமே பிரிகின்றன. தாள் லேபிளோ அந்நீரில் கரைந்து நார்நாராகிப் பிளாஸ்டிக் துகள்களோடு கலந்து அவற்றின் தரத்தைக் கெடுக்கிறது. அடுக்குகள் கூடினால் நாரும் கூடும். பூச்சிமருந்துக்கு வழக்கமான பாலித்தீன் புட்டியும் நீரில் மிதப்பதால், அங்கே இவ்வழி பயன்படாது. புட்டியோடு சேர்ந்தே உருகத்தக்க அதே இனப் படலத்தில் லேபிளை அச்சிடுவதே ஏற்றது. சிலிக்கோன் பூசிய அடித்தாளும், லேபிள் ஒட்டப்பட்டவுடன், பண்டம் தொழிற்சாலையை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே கழிவாகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் வேதிப்பொருள்களுக்கான தன் லேபிள் விதிகளைத் திருத்தி, மடித்து விரியும் லேபிளுக்குத் தனி விதிகளை வகுத்தது. 2025இல் நடைமுறைக்கு வந்த அதன் பொதிப்பொருள் ஒழுங்குமுறை, 2030 முதல் பொதிகள் மறுசுழற்சிக்கு ஏற்றவையாக இருத்தலைக் கட்டாயமாக்கியிருப்பதோடு, அத்தகுதியை அளக்கும் கூறுகளுள் லேபிளையும் பசையையும் சேர்த்துள்ளது.