துனிஸ் நகரின் இப்னுர் ராமியும் பாலாற்றின் கிணறுகளும்

நகராட்சி ஒன்றில் பணியாற்றும் சுற்றுச்சூழல் பொறியாளரின் கடமைகள் நாம் அறிந்தவையே. சாக்கடை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த உலையின் புகை எந்த வீட்டினுள் நுழைகிறது, எந்த இயந்திரத்தின் அதிர்வு எந்தச் சுவரைத் தளர்த்துகிறது என்பவற்றை நேரில் கண்டு, அளந்து, அறிக்கை தருவது அவர் வேலை. இத்தகைய பணி பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில்தான் பிறந்தது என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். லண்டன் மாநகரின் கழிவுநீர்க் கால்வாய்களை அமைத்த ஜோசப் பேசல்கெட்டின் பெயர் இத்துறையில் முதலிடம் பெறுவது நியாயமே. ஆயினும் அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக முன்னரே, வட ஆப்பிரிக்காவின் துனிஸ் நகரில், இதே பணியைச் செய்து அதனை நூலாகவும் எழுதி வைத்த ஒருவரை நாம் மறந்துவிட்டோம். அவர் பெயர் முஹம்மத் இப்னு இப்ராஹீம் அல்லக்மீ. வரலாறு அவரை இப்னுர் ராமி என அழைக்கிறது.

இப்னுர் ராமி தொழிலால் கொத்தனார். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹஃப்ஸிய மன்னர்கள் ஆண்ட துனிஸில் அவர் வாழ்ந்தார். ஹிஜ்ரி 734 (கி.பி. 1334) அளவில் மறைந்தார். அந்நகரின் தலைமைக் காழியாக விளங்கிய இப்னு அப்திர் ரஃபீஉ, கட்டடங்கள் தொடர்பான வழக்குகளில் அவரைப் பார்வையிட அனுப்பி, அவர் கூற்றைக் கேட்டுத் தீர்ப்பளித்து வந்தார். இவ்வாறு பல்லாண்டுகள் பெற்ற பட்டறிவையும், மாலிக்கி மத்ஹபின் அறிஞர்கள் கூறியவற்றையும் ஒருசேரத் தொகுத்து, ‘அல்இஃலான் பி அஹ்காமில் புன்யான்’ என்னும் நூலை அவர் இயற்றினார். ‘கட்டடச் சட்டங்களை அறிவித்தல்’ என்பது இத்தலைப்பின் பொருள்.

இந்நூலின் பின்புலத்தைச் சற்று விளக்குதல் வேண்டும். இஸ்லாமிய நகரங்களின் பொது ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு ‘ஹிஸ்பா’ எனப்பட்டது. அதன் அதிகாரி முஹ்தஸிப். ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ, தம் ஆட்சியியல் நூலில் முஹ்தஸிபின் கடமைகளை வரையறுக்கிறார். ஊரின் குடிநீர் வழி பழுதுபட்டால் பைத்துல்மாலின் செலவில் அதனைச் செப்பனிட வேண்டும். பொது நிதியில் பணம் இல்லையெனில் ஊரில் வசதி படைத்தோர்மீது அக்கடமை விழும் என்கிறார் அவர். தண்ணீர் சுமப்போர் கரையோரத்து அழுக்கு நீரை அள்ளாமல் ஆற்றினுள் சற்றே இறங்கி முகந்துவர வேண்டும் என்பது போன்ற நுணுக்கமான விதிகளையும் ஹிஸ்பா நூல்களில் காண்கிறோம்.

ஆனால் அண்டை வீட்டார் இருவருக்கிடையே எழும் வழக்கு வேறு வகையானது. ஒருவர் தம் இடத்தில் அடுப்பு மூட்டுகிறார். அது அவர் உரிமை. மற்றவர் அதன் புகையால் வாடுகிறார்; அவருக்கும் உரிமை உண்டு. எவரும் எவருக்கும் தீங்கிழைத்தல் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்தலும் கூடாது என்னும் கருத்துடைய நபிமொழியே இங்கு அடிப்படை. எனினும் தீங்கு உண்டா இல்லையா, உண்டெனில் எவ்வளவு என்பதைக் காழி தம் இருக்கையில் அமர்ந்தவாறே அறிய முடியாது. ஆகவேதான் ஃபிக்ஹு அறிஞர்கள் ‘அஹ்லுல் கிப்ரா’, அதாவது துறையறிவு உடையோர் எனும் பிரிவினருக்கு நீதிமன்றத்தில் இடமளித்தனர். இப்னுர் ராமி அத்தகையோருள் ஒருவர்.

அவர் நூல் தீங்குகளை வகைப்படுத்துகிறது. குளியலகங்களும் ரொட்டி உலைகளும் எழுப்பும் புகை ஒருவகை. தோல் பதனிடும் கூடங்களும் கழிவறைகளும் பரப்பும் துர்நாற்றம் மற்றொரு வகை. மாவு ஆலையின் சுழற்சியால் சுவரில் ஏறும் அதிர்வு மூன்றாவது வகை.

அதிர்வை அறிய அவர் பதிவு செய்துள்ள சோதனை நம்மை வியக்க வைக்கிறது. ஒரு காகிதத்தின் நான்கு மூலைகளிலும் நூல் கட்ட வேண்டும். ஆலைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட சுவரின்மீது தங்கும் கூரையிலிருந்து, வீட்டின் பக்கமாக அதனைத் தொங்கவிட வேண்டும். அதன்மேல் உலர்ந்த கொத்தமல்லி விதைகளைப் பரப்பிவிட்டு, ஆலையை ஓட்டுமாறு உரிமையாளரிடம் கூற வேண்டும். விதைகள் ஆடினால் ஆலையை அகற்றுமாறு ஆணை பிறக்கும். ஆடாவிடின் வழக்குத் தொடுத்தவர் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். புதிதாக ஆலை அமைப்போர், விலங்கு சுற்றிவரும் வட்டத்தின் விளிம்புக்கும் அண்டை வீட்டுச் சுவருக்கும் இடையே எட்டுச் சாண் இடைவெளி விட்டு, அவ்விடத்தில் அறையோ கிடங்கோ நடைவழியோ கட்ட வேண்டும் என்ற அளவும் அந்நூலில் உண்டு. செல்வர் என்றோ எளியவர் என்றோ பாராமல், இரு தரப்பாரும் தம் கண்ணால் கண்டு ஏற்கத்தக்க சான்றை முன்வைப்பதே இச்சோதனையின் சிறப்பாகும்.

இன்னொரு செய்தி அதனினும் ஆழமானது. பழைய தீங்குக்கு உரிமை உண்டா என்பது மாலிக்கி அறிஞர்கள் நீண்டகாலம் விவாதித்த வினா. சன்னல், வாயில் போன்றவை ஒரே நிலையில் நிற்பவை. நெடுங்காலம் எவரும் எதிர்க்கவில்லையெனில் அவற்றுக்கு உரிமை பிறக்கலாம். ஆனால் கழிவறைக் குழி, தோல் பதனிடும் கூடம் முதலியவற்றின் தீங்கு நாள்தோறும் பெருகுவது. ஆகவே எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் அதற்கு உரிமை பிறக்காது என அவர்களுட் பலர் முடிவு செய்தனர். மண்ணில் ஊறும் கழிவு ஆண்டுக்காண்டு சேர்ந்துகொண்டே போகும் என்னும் அறிவியல் உண்மை இம்முடிவில் பொதிந்துள்ளது.

இம்மரபு இப்னுர் ராமியோடு நின்றுவிடவில்லை. உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட ‘மஜல்லா’ சட்டத்தின் 1200ஆம் பிரிவு, பட்டறையின் அடியாலும் ஆலையின் சுழற்சியாலும் தளரும் சுவரையும், உலைப் புகையால் குடியிருக்க இயலாமற்போகும் வீட்டையும் பேசுகிறது. 1212ஆம் பிரிவு, ஒருவரது கிணற்றருகே கழிவுக் குழி தோண்டி நீரைக் கெடுத்தால் அத்தீங்கை நீக்க வேண்டும் என்றும், நீக்க இயலாவிடின் குழியையே மூட வேண்டும் என்றும் விதிக்கிறது.

இவ்விதியைப் படிக்கும்போது நம் எண்ணம் பாலாற்றங்கரைக்குச் செல்வதைத் தவிர்க்க இயலவில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழிலில் நம் சமூகத்தவர் முதலாளிகளாகவும் தொழிலாளர்களாகவும் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டுள்ளனர். பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கல்லூரிகளும் இத்தொழிலின் வருவாயால் வளர்ந்தன. அதே தொழிலின் உப்பும் குரோமியமும் நிலத்தடி நீரில் கலந்தன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் வழங்கிய தீர்ப்பு, திண்டுக்கல் பகுதியில் ஆய்வு செய்யப்பட்ட 467 கிணறுகளுள் 350 மாசடைந்திருந்ததைப் பதிவு செய்கிறது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்னும் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதியே என்று அத்தீர்ப்பு உறுதி செய்தது. 2025 ஜனவரியிலும் அந்நீதிமன்றம் இதே ஆற்றின் மாசு குறித்து மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்கீழ், தொல்லை தரும் தொழில்களுக்கு நகராட்சியின் உரிமம் தேவைப்பட்டது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுச் சட்டத்துக்கும், 1982இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தோன்றியதற்கும் பிறகு, அளந்தறியும் பொறுப்பு மாநில அளவிலான அமைப்பிடம் சென்றது. வாரியத்தில் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் என்னும் பதவியே உண்டு. ஆயினும் ஊர்ச் சாக்கடையை நாள்தோறும் காணும் நகராட்சிப் பொறியாளரின் சொல்லுக்கு, அன்றைய காழி மன்றத்தில் ஒரு கொத்தனாரின் சொல்லுக்கிருந்த எடை இருக்கிறதா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தோல் தொழிலை ஒழிக்கச் சொல்வது நம் நோக்கமன்று. மஜல்லாவும் முதலில் தீங்கை நீக்கவே சொல்கிறது. நீக்க இயலாதபோதுதான் குழியை மூடச் சொல்கிறது. தீங்கைப் பற்றிய சட்டங்களை நம் மதரஸாக்கள் இன்றும் பயிற்றுவிக்கின்றன. அப்பாடத்தை நடத்தும் ஆலிமும் ஊரின் பொறியாளரும் ஒரே மேசையில் அமர்ந்து, கிணற்று நீர்ச் சோதனையின் முடிவுகளை ஒருமுறை சேர்ந்து படிக்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் அம்முடிவுகளை நகராட்சியிடம் கேட்டுப் பெற்று, ஜுமுஆவுக்குப் பின் மக்கள் முன் வாசிக்கும் பொறுப்பைப் பாலாற்றங்கரை ஜமாஅத்துகள் ஏற்கலாம். எண்கள் ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா என்பதை இரு தரப்பாரும் அறிந்துகொள்ள, இப்னுர் ராமியின் கொத்தமல்லி விதைகளைப் போல அதுவே எளிய வழி.